பாட்டுக் கட்டுவதா, பதிந்து வைப்பதா? – தாளப்பாக்கம் செப்பேடுகளும் ஒரு நோட்டுப் புத்தகமும்

என் தகப்பனார் சித்தூர் ஜில்லா டிரஷரியில் குமாஸ்தாவாக இருந்தவர். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, ஸ்நானம், சந்தியாவந்தனம் எல்லாம் முடித்து, ஐந்தரைக்குத் திண்ணையில் தம்பூராவுடன் உட்காருவார். ஏழரை வரைக்கும் அவர் ராஜ்யம். அதற்குப் பிறகு ரேஷன் கடை, தயிர்க்காரி, ஆபீஸ், பில்கள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் முப்பது வருஷத்தில் 212 பாட்டுகள் கட்டினார். தமிழில் பாதி, தெலுங்கில் பாதி. காணிப்பாக்கம் பிள்ளையார் பேரில் மட்டும் பதினேழு.

மூன்று நீள நோட்டுப் புத்தகங்களில் அவை என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பில் ராகத்தின் பெயர் உண்டு. சிலவற்றுக்குத் தாளமும் உண்டு. ஸ்வரம் ஒன்றுக்குக்கூடக் கிடையாது.

1983-ல் பாங்கில் எனக்கு முதல் போனஸ் வந்தபோது ஒரு டேப்ரிக்கார்டர் வாங்கினேன். "அப்பா, எல்லாத்தையும் பாடிடுங்கோ, பதிஞ்சு வெச்சுடலாம்" என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காஸெட்டின் ஒரு பக்கம் ஒன்பது பாட்டுகள் பாடினார். மறு வாரம் கேட்டதற்கு, "புதுசா ஒண்ணு வந்துண்டிருக்குடா, அதை முடிச்சுடறேன். பழசு எங்கே ஓடிப் போகப் போறது?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் புதிதாகப் பாட்டுக் கட்டுவதை விட்டுவிட்டு, கட்டினதையே திரும்பத் திரும்பப் பாடி மெஷினில் ஏற்றிக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும்? அடுத்த வருஷம் எனக்கு வடக்கே டிரான்ஸ்ஃபர். 1989 மாசியில் அவர் போய்விட்டார். மறு பக்கம் காலியாகவே இருக்கிறது.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல. ஆனால் ரிடையராகித் திருப்பதிக்குக் குடிவந்த பிறகு, மலைமேல் இருக்கும் ஒரு சிறிய கல் அறையின் கதையைப் படிக்கப் படிக்க அந்தக் காலி காஸெட்தான் கண்முன் நின்றது. அதனால்தான் இந்த முன்னுரை. அங்கத்தினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாளப்பாக்கம் அன்னமாச்சார்யரைத் தெரியாதவர்கள் நம்மில் இல்லை. கடப்பைப் பக்கம், இராஜம்பேட்டைக்கு அருகே உள்ள தாளப்பாக்கத்தில் 1408-ல் பிறந்தவர். பதினாறாவது வயதில் பெருமாள் பேரில் பாட ஆரம்பித்தார். 1503-ல் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவர் 32,000 ஸங்கீர்த்தனங்கள் செய்ததாக அவருடைய பேரன் சின்னண்ணா (திருவேங்களநாதன் என்பது முழுப்பெயர்) தெலுங்கு த்விபதையில் எழுதிய சரித்திரத்தில் சொல்கிறார். தினம் ஒரு பாட்டாவது பெருமாளுக்கு ஸமர்ப்பிப்பது என்று வைத்துக்கொண்டாராம்.

பாங்கில் இருந்தவன் ஆனதால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 79 வருஷத்துக்கு 28,835 நாட்கள். 32,000 என்றால் நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேலேயே போகிறது. இன்று கிடைத்திருப்பவை ஏறக்குறைய 14,000 என்கிறார்கள். அதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இரண்டு நாளைக்கு ஒரு பாட்டு, எண்பது வருஷம் விடாமல்! இப்படிப் பாடிக்கொண்டே இருக்கிற ஒருவர் எப்போது உட்கார்ந்து எழுதிவைப்பார்? ஓலையில் எழுதிவைத்திருப்பார், அல்லது சிஷ்யர்கள் எழுதியிருப்பார்கள். ஆனால் ஓலைக்கு ஆயுசு எவ்வளவு என்பது பரணில் தாத்தாவின் சுவடி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். கரையானுக்கு வேதம், வைத்தியம் என்ற வித்தியாசம் கிடையாது.

இங்கேதான் அவருடைய பிள்ளை பெரிய திருமலாச்சார்யர் வருகிறார். அன்னமாச்சார்யரைக் கொண்டாடும் அளவுக்கு இவரை நாம் கொண்டாடுவதில்லை என்பது என் நெடுநாள் குறை. தகப்பனாருக்கு ஐம்பது வயதாகும்போது பிறந்தவர். தாமும் பெரிய கவி. ஸங்கீர்த்தனங்கள் செய்தார், தெலுங்கு வசனத்தில் எழுதினார், பகவத்கீதையைத் தெலுங்கில் தந்தார். தமக்குப் பிறகும் தினம் ஒரு பாட்டு என்ற நியமம் நிற்கக் கூடாது என்று தகப்பனார் இவரிடம்தான் கேட்டுக்கொண்டார் என்பார்கள். கோவில் கைங்கர்யங்களிலும், கிராமங்களைத் தானமாக எழுதிவைப்பதிலும் முன்நின்றவர். திருமலைக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன என்பது நம்மவர் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தத் தெலுங்குக் கவிக் குடும்பமே அந்தக் கல்வெட்டுகளில் 'திருமலை அய்யங்கார்' என்றுதான் வருகிறது! இவருடைய பிள்ளை சின்ன திருமலாச்சார்யர், திருப்பதிக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரீநிவாஸமங்காபுரம் கல்யாண வேங்கடேஸ்வரர் கோவிலை 1540 வாக்கில் புதுப்பித்தவர். அந்தக் கோவிலுக்குப் போகிறவர்கள் இதையும் நினைத்துக்கொண்டு சேவிக்கலாம்.

ஆக, பெரிய திருமலாச்சார்யரும் ஓய்வாக இருந்தவர் அல்ல. தலைக்கு மேல் வேலை. பாட்டு அவருக்கும் உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர்தான் தகப்பனாரின் பாட்டுகளைச் செப்புத் தகட்டில் வெட்டிவைக்க ஏற்பாடு செய்தார்.

அந்த வேலையைக் கொஞ்சம் மனசில் நிறுத்திப் பாருங்கள். செம்பைத் தட்டித் தகடாக்க வேண்டும். ஓலையில் உள்ள பாட்டைப் படித்து, பாடம் சரிபார்த்து, தகட்டில் எழுத்தைக் குறிக்க வேண்டும். தட்டான் உளியால் ஒவ்வொரு எழுத்தாக வெட்ட வேண்டும். ஒரு தகட்டில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு பாட்டுகள் என்பது பொதுவான அளவு. ஓலையில் தப்பு வந்தால் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். செம்பில் முடியாது. இப்படி ஏறக்குறைய 2,500 தகடுகள்! அத்யாத்ம ஸங்கீர்த்தனங்கள் தனி, ச்ருங்கார ஸங்கீர்த்தனங்கள் தனி என்று பிரித்து வெட்டியிருக்கிறார்கள். பிற்பாடு தம்முடைய பாட்டுகளும், பிள்ளையின் பாட்டுகளும் தகட்டில் ஏறின. ஆனால் அன்னமாச்சார்யர் பாட்டுகளுக்கே பெரும்பங்கு.

இத்தனையும் பத்திரமாக இருக்கக் கோவிலுக்குள்ளேயே, உள் பிராகாரத்தில் ஒரு சிறு கல் அறை. அதற்கு ஸங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். தாளப்பாக்கம் அறை என்றும் சொல்வார்கள். பண்டாரம் என்றால் பொக்கிஷம். நகைக்கும் பணத்துக்கும் இருப்பதுபோல் பாட்டுக்கு ஒரு பொக்கிஷ அறை கட்டிய கோவில் இந்த தேசத்தில் வேறு எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் தகட்டிலேயே ஒரு குறிப்பு வெட்டப்பட்டிருக்கிறது. சகம் 1346 குரோதி வருஷத்தில், பதினாறு வயதில் பாட ஆரம்பித்தது முதல், சகம் 1424 துந்துபி வருஷம் பால்குன மாதம் கிருஷ்ணபக்ஷ துவாதசி வரை அன்னமாச்சார்யர் செய்தவை இவை என்று. அன்னமாச்சார்யருடைய பிறப்பையும் இறுதி நாளையும் நாம் இவ்வளவு திட்டமாகச் சொல்கிறோம் என்றால் அது இந்த ஒரு குறிப்பினால்தான். பதிகிறவனுக்குத்தான் 'நமக்குப் பின்னால் ஒருத்தன் வந்து கேட்பான்' என்ற நினைப்பு வரும் போலிருக்கிறது. பாடுகிறவனுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. என் தகப்பனாரின் 212 பாட்டுகளில் ஒன்றுக்கும் தேதி கிடையாது.

விஜயநகரம் போயிற்று. அறை மூடிக் கிடந்தது. 'நானூறு வருஷம் யாருக்குமே தெரியாமல் இருந்தது' என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது முழுக்கச் சரியல்ல. கம்பெனி உத்தியோகஸ்தர் ஏ.டி. காம்ப்பெல் என்பவர் 1816-ல் சென்னையில் தெலுங்கு இலக்கணம் ஒன்றை அச்சிட்டார். பழைய தெலுங்கு இலக்கண நூல் ஒன்று திருமலையில் செப்புத் தகடுகளில் இருக்கிறது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆசையோடு ஆயிரக்கணக்கில் தகடுகளைப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார். கடைசியில், 'எல்லாம் சுவாமி பேரில் தோத்திரப் பாட்டுகள்தான், இலக்கணம் ஒன்றும் இல்லை' என்று ஏமாற்றத்தோடு தம் புத்தகத்தில் குறித்துவைத்தார். இலக்கணம் தேடியவருக்குப் பாட்டு உபயோகப்படவில்லை! ஒரு விதத்தில் நல்லதாயிற்று. உபயோகமாகப் பட்டிருந்தால் தகடுகள் கப்பலேறி லண்டன் மியூசியத்தில் உட்கார்ந்திருக்கும்.

1920-களில் தேவஸ்தானத்தில் கல்வெட்டு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஸாது சுப்பிரமணிய சாஸ்திரிகள் அறையிலிருந்த தகடுகளை வெளியே கொண்டுவந்து ஆராயச் செய்தார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தொகுதிகள் அச்சாயின. சின்னண்ணா எழுதிய சரித்திரத்தை வேடூரி பிரபாகர சாஸ்திரிகள் பதிப்பித்து 1949-ல் வெளியிட்டார். சாஹித்யம் முழுசாகக் கைக்கு வந்துவிட்டது.

பாட்டு வந்ததா?

வரவில்லை என்பதுதான் துக்கம். தகட்டில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. தாளம் இல்லை, ஸ்வரம் இல்லை. முகாரி, ஸாமந்தம், பௌளி, ஸ்ரீராகம் என்று நாம் அறிந்த பெயர்கள் நிறைய. கொண்டமலஹரி, அமரசிந்து என்று இன்றைக்கு யாரும் பாடாத பெயர்களும் உண்டு. முகாரி என்று போட்டிருந்தாலும், ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் முகாரி எப்படி இருந்ததோ! 'எல்லாருக்கும்தான் மெட்டுத் தெரியுமே, அதை வேறு எழுதுவானேன்' என்று அன்றைக்கு நினைத்திருப்பார்கள். கோவிலில் தினமும் பாடிக்கொண்டிருந்தார்கள். காற்றிலே நிறைந்திருந்த விஷயத்தைச் செம்பில் வெட்ட யாருக்குத் தோன்றும்? பாடுகிறவர் வரிசை அறுந்தது, மெட்டும் கூடவே போயிற்று.

ஆகவே இன்று நாம் கேட்கிற அன்னமய்யா பாட்டுகளின் மெட்டுகள் அநேகமாக இருபதாம் நூற்றாண்டில் போட்டவை. இதில் முதல் வணக்கம் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மாவுக்கு. அவர் தொழில்முறைப் பாடகர் அல்ல. மைசூர் மகாராஜா கல்லூரியில் தெலுங்கு வாத்தியாராக இருந்தவர். பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் ஸங்கீதம் கற்றவர். நம்மைப் போலத்தான், பகலில் வகுப்பு, மிச்ச நேரத்தில் பாட்டு. ரிடையரான பிறகு திருப்பதிக்கு வந்து தகடுகளின் பாடத்தைச் சரிபார்த்துப் பதிப்பித்ததோடு, நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளுக்கு மெட்டமைத்து ஸ்வரப்படுத்தினார். தேவஸ்தானம் அவருக்கு ஆஸ்தான வித்வான் பட்டத்தை 1979 மார்ச்சில் வீடு தேடிப் போய்க் கொடுத்தது. அன்றைக்கே அவர் காலமானார்.

1978-ல் அன்னமாச்சார்யா பிராஜெக்ட் திருப்பதியில் ஆரம்பமாயிற்று. எம்.எஸ். அம்மாவின் பாலாஜி பஞ்சரத்னமாலா இசைத்தட்டுகள் ஐந்தும் 1979-80-ல் வந்தன. அன்று அறுபது வயதைத் தாண்டியிருந்த எம்.எஸ். அவற்றுக்காகப் புதுப் பாட்டுகளைப் பள்ளிக்கூடப் பெண்போல் உட்கார்ந்து பாடம் பண்ணினார். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி பல பாட்டுகளுக்கு உயிர் கொடுத்தார். ரேவதியில் கேட்டு நாம் உருகுகிறோமே, 'நானாடி பதுகு', அது அவர் போட்ட மெட்டுதான். 2025 மார்ச்சில் மறைந்த கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத், அறுநூறுக்கு மேற்பட்ட பாட்டுகளுக்கு மெட்டமைத்தார். அவர் கச்சேரியைத் திருப்பதியில் நான் பல முறை கேட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டால் அன்னமய்யாவே பாடுவதுபோல் இருக்கும். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது, அன்னமய்யா இதை இப்படிப் பாடியிருக்க மாட்டாரே என்றும் ஒரு எண்ணம் வரும். இரண்டும் உண்மை.

மெட்டையும் சேர்த்து எழுதிவைத்த ஒருவர் எங்கள் ஜில்லாக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை. 1911-ல் சித்தூர் ஜில்லா பிரியும் வரைக்கும் வடஆற்காடு ஜில்லாவுக்குச் சித்தூர்தான் தலைநகரம். வாலாஜாபேட்டை அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. தியாகையருடைய சிஷ்யர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) சௌராஷ்டிர நெசவாளர் குலத்தவர். திருவையாற்றுக்குப் பக்கத்தில் அய்யம்பேட்டையில் இருந்துவிட்டு, பிற்பாடு வாலாஜாபேட்டைக்குக் குடிபெயர்ந்தார். தாமே பாட்டுக் கட்டுகிறவர். ஆனால் குருநாதருடைய கிருதிகளை எழுதிவைப்பதற்கே தம் காலத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தார். அவர் பிள்ளை கிருஷ்ணசாமி பாகவதரும் அதே வழி. இந்த வீட்டுச் சுவடிகள் இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. தியாகையர் கிருதிகளைப் பற்றி வித்வான்களுக்குள் வழக்கு வந்தால் 'வாலாஜாபேட்டைச் சுவடி என்ன சொல்கிறது?' என்றுதான் கேட்கிறார்கள். பாகவதர் சொந்தமாகக் கட்டிய பாட்டுகளை எத்தனை பேர் பாடுகிறார்கள்? கொடுத்த விலை அது.

இந்தக் கிருஷ்ணசாமி பாகவதரைத் தேடிப் பிடித்தவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். எம்.ஏ. படித்த கிறிஸ்தவர். சென்னை செக்ரடேரியட்டில் சூப்பரிண்டெண்டெண்ட். ஆபீஸ் முடிந்து வந்து, பாகவதர் பாடப் பாட, தியாகையர் கிருதிகளை மேல்நாட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதினார். 1890-களில் அவற்றைத் தம் சொந்தக் காசைப் போட்டு அச்சிட ஆரம்பித்தார். விளக்கு வெளிச்சத்தில் ஐந்து கோட்டின் மேல் புள்ளி வைத்து வைத்து அவர் கண் பார்வையே மங்கிவிட்டது. தாம் முடிக்க முடியாது என்று தெரிந்தபோது, எட்டயபுரம் ராஜாவிடமும் சுப்பராம தீக்ஷிதரிடமும் போய், 'உங்களிடம் இருப்பதையாவது அச்சிலேற்றுங்கள்' என்று மன்றாடியிருக்கிறார். 1904-ல் ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி வந்தது. முத்துஸ்வாமி தீக்ஷிதர் கிருதிகள் கமகக் குறிகளோடு நமக்குக் கிடைத்தது அப்படித்தான். ஒரு செக்ரடேரியட் அதிகாரி தம் சாயங்காலங்களைக் கொடுத்ததில் நம் ஸங்கீதத்துக்கு எவ்வளவு லாபம் என்று பாருங்கள். அவருக்கு நாம் ஒரு தபால்தலைகூடக் கேட்டதாகத் தெரியவில்லை.

பதிந்து வைக்காமலேயே பிழைத்த பாட்டுகளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தர்மபுரி சுப்பராயர் ஓசூர் தாலுக்கா ஆபீஸில் உத்தியோகம். ஜமாபந்திக்கும் தண்டலுக்கும் நடுவே ஜாவளிகள் கட்டினார். 'பருலன்ன மாட' கேட்காத ரஸிகர் யார்? ஆனால் அவருக்கு வீணை தனம்மாள் இருந்தார். அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக அந்த ஜாவளிகளைத் தொண்டையிலும் விரலிலும் வைத்துக் காப்பாற்றினார்கள். அப்படி ஒரு வீடு அமைவது அவரவர் பாக்கியம். நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் அதை நம்பி உட்காரலாகாது.

மறுபக்கம், இரண்டையும் ஒருவரே செய்ததற்கும் சாட்சி உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்த கோடீஸ்வர ஐயர் (1870–1940) 72 மேளகர்த்தாக்களிலும் தமிழில் கிருதி செய்து, கந்தகானாமுதம் என்று ஸ்வரத்தோடு தாமே அச்சிட்டார். எப்படி நேரம் கிடைத்தது என்று யோசிப்பேன். 72 என்று ஒரு எல்லை வைத்துக்கொண்டதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லை இருந்தால் ஒரு நாள் கட்டுவது முடியும், அடுத்த நாள் எழுத உட்காரலாம். என் தகப்பனாருக்கு எல்லை இல்லை. பாட்டு வந்துகொண்டே இருந்தது.

இனி என் விஷயம். எனக்கும் கொஞ்சம் பாட்டுக் கட்டும் பைத்தியம் உண்டு. சர்வீஸில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினது முப்பத்து சொச்சம். 2017-ல் ரிடையரானவுடன், 'இனி நாள் முழுக்க நம்முடையது' என்று நினைத்தேன். ரிடையரானவர்களுக்குத் தெரியும், அது பொய். பேரக் குழந்தை, ஆஸ்பத்திரி, அஸோஸியேஷன், கல்யாணங்கள். கடைசியில் எனக்கும் மிஞ்சுவது அப்பாவுக்கு மிஞ்சின அதே இரண்டு மணி நேரம்தான், அதே விடியற்காலை.

2018-ல் ஒரு நாள் அந்த நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காஸெட்டில் பூசணம் பிடித்திருந்தது. சென்னையில் ஒரு பையன் அதைச் சுத்தம் செய்து ஒன்பதில் ஏழு பாட்டை மீட்டுக் கொடுத்தான். அம்மா அப்போது இருந்தாள், எண்பத்து நாலு வயது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துவிடும், ஆனால் பல்லவியை எடுத்துக் கொடுத்தால் அடுப்படியில் நின்று கேட்ட சரணம் வரைக்கும் பிசகாமல் பாடுவாள். அவள் வாயிலிருந்து மட்டும் இருபத்திரண்டு மெட்டுகள் கிடைத்தன. செல்போனை அவள் மடியில் வைத்துவிட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வரம் எழுதுவேன். ஒரு பாட்டுக்கு மூன்று, நாலு காலைகள் ஆகும். பதிவது சுலபம், எழுதுவதுதான் கஷ்டம். போனில் கேட்கும்போது தெளிவாக இருக்கிற பிடி, தாளில் வைக்கப் போனால் நழுவிவிடும். 2020-ல் அவளும் போனாள்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக உறவுக்காரர்களுக்குப் போன் செய்தேன். அத்தை பெண் ஒருத்தி நான்கு பாட்டுகள் சொன்னாள். அப்பாவிடம் பாட்டுக் கற்ற ஒரு தெலுங்கு வாத்தியாரம்மா சித்தூரிலேயே இருந்தார், அவரிடம் எட்டு. மொத்தம் 41 ஆயிற்று. இந்த ஏழெட்டு வருஷத்தில் நான் சொந்தமாகக் கட்டினது இரண்டே இரண்டு. மனசில் ஒன்று வரும், 'அப்பா பாட்டு முடியட்டும்' என்று தள்ளுவேன், மறுநாள் அது இருக்காது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பெரிய திருமலாச்சார்யருக்கும் இப்படிச் சில போயிருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். அவருடையது மகா கவியின் குடும்பம், செம்பு, கோவில், ராஜா எல்லாம் இருந்தது. என்னுடையது நீள நோட்டு. ஆனாலும் காலையில் எழுந்தவுடன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றேதான்.

மிச்சம் 171 பாட்டுகளுக்கு ராகத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. 'நீங்களே மெட்டுப் போட்டுவிடுங்களேன், அன்னமய்யாவுக்கே போடவில்லையா?' என்று சினேகிதர்கள் சொல்கிறார்கள். போடலாம். அப்படிப் போட்டால் நோட்டில் 'மெட்டு என்னுடையது' என்று எழுதிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். ஆனால் அதற்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். ஏனென்றால் போன மாசம்தான் ஒரு சம்பவம். அமெரிக்காவில் பிள்ளையோடு இருக்கிற என் அக்காவுடன் பேசிக்கொண்டிருந்தபோது, குழந்தை அழ, அவள் யதேச்சையாக ஒரு தாலாட்டை முணுமுணுத்தாள். "அக்கா, இது என்ன?" என்றேன். "அப்பாவோடதுடா, மத்யமாவதி, உன்னைத் தூளியில போட்டு ஆட்டறச்சே பாடுவாரே" என்றாள். இரண்டாவது நோட்டில் 88-ம் பாட்டு. நோட்டில் மத்யமாவதி என்று இல்லை, சுருட்டி என்று இருக்கிறது! எது சரி என்று இரண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். அவள் பாடியதை அப்படியே எழுதி, பக்கத்தில் 'நோட்டில் சுருட்டி' என்றும் குறித்துவைத்தேன். அது 42.

1960 முதல் 1989 வரை சித்தூர் கொங்காரெட்டிப்பள்ளியில் குடியிருந்த குடும்பங்கள் இன்று பெங்களூர், மும்பை, டில்லி என்று பல ஊர்களில் இந்த இதழை வாசிக்கிறீர்கள். டிரஷரி குமாஸ்தா ஒருவர் திண்ணையில் தம்பூராவோடு பாடினதையோ, பிள்ளையார் சதுர்த்திக்குக் காணிப்பாக்கத்தில் பஜனை நடத்தினதையோ கேட்டவர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களை ஒரு தடவை விசாரியுங்கள். ஒரு பல்லவி ஞாபகம் இருந்தாலும் போதும். சங்கத்துக்கு எழுதினால் எனக்குச் சேர்ப்பித்துவிடுவார்கள். காலை ஐந்தரை முதல் ஏழரை வரை நான் வீட்டில்தான் இருப்பேன்.